இருநிற மரத்தில் மூடிச் சிமிழ் கடைதல்: ஒட்டுவது முதல் மூடி பொருந்துவது வரை

சிமிழ் கடையப் பழக வருகிறவர்கள் எல்லோருக்கும், மரத்தைச் சுழற்றிக் கடையும் பொறியான லேத்துக்கு முன்னால் நிற்கத்தான் அவசரம். பழுதாகிப்போன சிமிழ்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை லேத்தில் ஏறுவதற்கு முன்பே பழுதானவை. ஈர மரம், சரியாக மட்டப்படாத முகம், பசை காய முன்னர் எடுத்த கட்டை என்று காரணம் எப்போதும் பின்னால்தான் கிடக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் கிட்டத்தட்டப் பாதி, உளியைத் தொடுவதற்கு முந்திய வேலைகளைப் பற்றியது. அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விட வேண்டாம்.

நாம் செய்யப்போவது குங்குமமோ திருநீறோ வைக்கக்கூடிய சிமிழ். விட்டம் ஏறக்குறைய 65 மி.மீ., மூடியோடு உயரம் 80 மி.மீ. வெளிர் மரத்தின் நடுவே ஒரு கருமையான பட்டை ஓடும். பக்கத்தில் பார்த்தால் எதிரெதிரே இரண்டு வரிகள், மூடியின் மேல் குறுக்கே ஒரு பட்டை. முதல் சிமிழுக்கு இது போதும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

நாலு தாடைச் சக் (கட்டையைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) பூட்டிய ஒரு சிறிய மர லேத். உளிகளில் நாலு போதும்: உருட்டி எடுக்க அகலமான குழியுளி, குடைய ஒடுங்கிய குழியுளி, பிரித்தெடுக்க 3 மி.மீ. அகலமுள்ள பார்ட்டிங் உளி, உட்சுவரை நேராக்கச் சதுர முனையுள்ள சுரண்டும் உளி. அளக்க வேணியர் இடுக்கிமானி. கட்டையை இறுக்கக் குறைந்தது நாலு ஜீ கிளாம்ப்.

முகத்தை முழுதாக மறைக்கும் கவசம் இல்லாமல் ஒட்டுக்கட்டையைச் சுழற்றக் கூடாது. கண்ணாடி மட்டும் போதாது. ஒட்டு விட்டால் பறப்பது சீவல் இல்லை, அரைக் கட்டை. தூசுக்கு நல்ல முகமூடியும் வேண்டும். நாம் எடுக்கப்போகும் வெளிர் மரமான முதிரையின் தூசு சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். அந்த மரத்தில் வேலை செய்தால் முழுக்கைச் சட்டை போடுங்கள், முடிந்ததும் கையையும் கழுத்தையும் கழுவுங்கள்.

இன்னொன்று எங்கள் யாழ்ப்பாணத்துக்கே உரியது. வேலை நடக்கும்போது கரண்ட் போனால், முதலில் உளியை மரத்திலிருந்து எடுங்கள், அடுத்த கையோடு சுவிட்சை அணையுங்கள். கரண்ட் திரும்பி வரும்போது உங்கள் விரல் சக்குக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

2. மரத்தைத் தெரிவு செய்தல்

யாழ்ப்பாணத்தில் இதற்காக மரம் விலைக்கு வாங்கத் தேவையில்லை. தளபாடப் பட்டறைகளிலும் மரக்காலைகளிலும் ஒதுக்கிப் போடும் துண்டுகளே போதும். முதிரை, வேம்பு, தேக்கு, பலா, பூவரசு எல்லாம் அங்கே கிடைக்கும். பழைய வீடு பிரிக்கும் இடத்தில் உடைந்த கதவு நிலை கிடைத்தால் விடாதீர்கள். பல வருடம் காய்ந்த மரம் அது.

நின்ற மரத்தை வெட்டி எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அனுமதி எடுக்க வேண்டும். கருங்காலி பாதுகாக்கப்பட்ட மரம், அதைத் தேடிப் போக வேண்டாம். கருமைக்குப் பூவரசின் வயிரம் நல்லாகவே போதும். சொக்லேட் நிறம், உளிக்கு வழுவழுப்பாக வெட்டும்.

நிறத்தைத் தெரிவு செய்யும்போது எல்லோரும் செய்யும் பிழை, புதிதாகச் சீவிய முகத்தை வைத்து முடிவெடுப்பது. பலா சீவியவுடன் பளீரென்ற மஞ்சள். வெளிச்சம் படப்பட அது மண்ணிறத்துக்கு இறங்கிவிடும். பலாவையும் வேம்பையும் சேர்த்து ஒட்டிய சிமிழ் அன்றைக்கு அழகாக இருக்கும். கொஞ்சக் காலம் கழித்து எது பட்டை, எது உடம்பு என்று தெரியாது. இரண்டு மரத்திலும் ஒவ்வொரு சிறு துண்டை எடுத்துப் பாதியைக் கடதாசியால் மூடி, இரண்டு கிழமை வெயிலில் வையுங்கள். திறந்திருந்த பாதிகளுக்கு இடையில் வேறுபாடு தெளிவாக இருந்தால் அந்தச் சோடி சரி. முதிரையும் பூவரசும் இந்தச் சோதனையில் தேறும். மாமரமும் பூவரசும்கூட நல்ல சோடி, ஆனால் மாமரம் மென்மை என்பதால் அரத்தாள் அதை முதலில் தின்னும்.

பனையைப் பட்டையாக வைக்கப் பலருக்கு ஆசை. கரும்நார்கள் தெரியும் அந்த முகம் உண்மையிலேயே அழகுதான். ஆனால் முதல் சிமிழுக்கு வேண்டாம். நார் இரும்புபோல, நாருக்கு இடையிலுள்ள சோறு மென்மை. உளி இரண்டுக்கும் நடுவே தடுமாறும், சிலாம்பு கையில் ஏறும். நாலைந்து சிமிழ் கடைந்து, உளி தீட்டக் கை பழகிய பிறகு எடுங்கள்.

எந்தப் பழைய மரமானாலும் அறுக்குமுன் காந்தத்தால் தடவிப் பாருங்கள். ஆணி மட்டுமில்லை, எங்கள் பக்கத்து மரங்களில் போர்க்காலத்துச் செல் (எறிகணை) துண்டும் இருக்கும். மேலே மரம் மூடி வளர்ந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. மரத்தில் காரணமில்லாத நீலக்கறுப்புக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அந்தத் துண்டை விலக்கிவிடுங்கள்.

கடைசியாக ஈரம். இரண்டு மரமும் ஒரே அளவு காய்ந்திருக்க வேண்டும். துண்டுகளை ஒட்டப்போகும் அதே அறையில், ஒன்றோடொன்று தொடாமல் ஒரு மாதமாவது அடுக்கி வையுங்கள். மாரியில் இரண்டு மாதம். ஒன்று காய்ந்தும் மற்றது ஈரமாகவும் ஒட்டினால் ஈரமானது பிறகு சுருங்கும், ஒட்டுக் கோடு கையில் படியாகத் தட்டுப்படும்.

3. அறுப்பதும் மட்டப்படுத்துவதும்

மூன்று துண்டுகள் வேண்டும். வெளிப்பக்கத்துக்கு முதிரை இரண்டு, ஒவ்வொன்றும் 28 மி.மீ. தடிப்பு. நடுவுக்குப் பூவரசு ஒன்று, 16 மி.மீ. தடிப்பு. மூன்றும் 72 மி.மீ. அகலம், 120 மி.மீ. நீளம். சிமிழ் 80 மி.மீ. தானே, ஏன் 120 என்று கேட்பார்கள். இரண்டு முனையிலும் சக் பிடிக்க, மூடியின் உள்ளே போகும் கழுத்துக்கு, பிரிக்கும்போது உளி தின்பதற்கு என்று எல்லாம் போகத்தான் 80 மிஞ்சும்.

மூன்று துண்டிலும் மரத்தின் நார் நீளவாக்கில்தான் ஓட வேண்டும். மரம் நார் ஓடும் திசையில் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை, குறுக்கேதான் சுருங்கும். ஒரு துண்டின் நாரைக் குறுக்கே வைத்தால் பக்கத்துத் துண்டு சுருங்க, இது சுருங்காமல் நிற்க, ஒன்றில் ஒட்டு விடும், இல்லாவிட்டால் மரம் வெடிக்கும்.

துண்டுகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாக இருக்கட்டும். இரண்டு துண்டை ஒட்டினால் ஒட்டுக் கோடு சரியாக நடுமையத்தில் விழும். லேத்தின் பின்தலை (கட்டையின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) முனை அந்தக் கோட்டுக்குள் ஆப்புப்போல இறங்கிப் பிளக்கும். மூன்று, ஐந்து என்றால் மையம் முழு மரத்துக்குள் விழும். ஒரு தம்பி மிக நேர்த்தியாக ஒட்டிக் கொண்டுவந்த இரட்டைக் கட்டை, பின்தலையை இறுக்கியபோதே என் கண் முன்னால் இரண்டாகப் பிரிந்தது. ஒட்டில் ஒரு குறையும் இல்லை. இருந்த இடம்தான் பிழை.

ஒட்டும் முகங்களைச் சீவுளியால் சீவுங்கள். அரத்தாளால் தேய்த்து மட்டப்படுத்தப் பார்க்க வேண்டாம், ஓரங்கள் உருண்டுவிடும். இரண்டு முகத்தையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவினால் இன்னும் சீவ வேண்டும். இடைவெளியைக் கிளாம்ப் இறுக்கி மூடிவிடலாம் என்பது புதியவர்களின் நம்பிக்கை. கிளாம்ப் அன்றைக்கு மூடும். சிமிழின் சுவர் 6 மி.மீ. ஆகக் குறையும்போது அந்த இழுவிசை திரும்ப வரும்.

4. ஒட்டுதல்

பி.வி.ஏ. எனப்படும் வெள்ளை மரப்பசை போதும். சீவிய அன்றே ஒட்டிவிடுங்கள். முதிரையிலும் தேக்கிலும் எண்ணெய்த்தன்மை உண்டு. சீவிய முகத்துக்கு அந்த எண்ணெய் மெல்ல மெல்ல ஏறிவரும், பசை பிடிக்காது. இந்த மரங்களின் முகத்தை அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, உலர்ந்தவுடன் பசை பூசுங்கள். அடுப்பும் விளக்கும் கிட்ட இருக்கக் கூடாது.

இரண்டு முகத்திலும் மெல்லியதாகப் பசை பூசுங்கள். ஒரு முகத்தில் மட்டும் பூசினால் காய்ந்த மரம் ஒரு பக்கத்தில் ஈரத்தைக் குடித்துவிடும், மறுபக்கம் பட்டினியாக நிற்கும். கோடை வெயிலில் எங்கள் பட்டறைகளில் பசை சில நிமிடத்தில் தோல் கட்டத் தொடங்கும். கிளாம்ப்களை முன்கூட்டியே அளவுக்குத் திறந்து வைத்து, பசையில்லாமல் ஒருமுறை எல்லாவற்றையும் இறுக்கிப் பார்த்துவிட்டு, அப்புறம் பசைப் போத்தலைத் திறவுங்கள். காலை ஏழு மணிக்கு முன் ஒட்டுவது இன்னும் நல்லது.

பசை பூசிய துண்டுகள் இறுக்கும்போது வழுக்கி ஓடும். அதற்கு ஒரு வழி: பசைமேல் நாலைந்து பரல் உப்பு. பரல் மரத்துக்குள் பதிந்து வழுக்கலை நிறுத்தும். ஆனையிறவு உப்பென்றால் பரல் பெரிது, நசுக்கிப் பொடியாக்கிப் போடுங்கள். சின்ன ஆணி அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஆணியை உங்கள் உளி ஒருநாள் கண்டுபிடிக்கும்.

முதலில் எல்லாக் கிளாம்பையும் மெதுவாக இறுக்கி ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு ஒரே சீராக இறுக்குங்கள். கோடு நெடுகப் பசை சிறு முத்துகளாக வெளியே வர வேண்டும். ஓரிடத்தில் முத்து இல்லையென்றால் அங்கே பசை போதவில்லை. உடனே திறந்து திரும்பப் பூசுங்கள். பிறகு பார்க்கலாம் என்ற இடம் இதில் இல்லை.

அடுத்த நாள்வரை, அதாவது முழுதாக 24 மணித்தியாலம், தொடாதீர்கள். பசை இரண்டு மணித்தியாலத்திலேயே பிடித்ததுபோல இருக்கும். ஆனால் பசையின் தண்ணீர் ஒட்டுக் கோட்டுப் பக்கத்து மரத்தை உப்ப வைத்திருக்கிறது. அந்த நிலையில் கடைந்து மட்டமாக்கினால், ஈரம் போனதும் கோடு பள்ளமாக இறங்கும். நான் மூன்று நாள் விடுகிறேன்.

5. உருளையாக்குதல்

கட்டையின் இரண்டு முனையிலும் மூலைக்கு மூலை கோடு கீறி மையம் பிடியுங்கள். இங்கே கவனம் வேண்டும். மூலைவிட்டம் தரும் மையம், பூவரசுப் பட்டையின் நடுவோடு ஒத்துப்போகிறதா என்று அளந்து பாருங்கள். ஒட்டும்போது துண்டுகள் கொஞ்சம் விலகியிருந்தால் ஒத்துப்போகாது. அப்போது பட்டையின் நடுவையே மையமாக எடுங்கள். கட்டையில் கொஞ்சம் வீணாகும். ஆனால் இரண்டு பக்க வரியும் ஒரே அகலமாக வரும்.

நாலு மூலையையும் சீவுளியால் சரித்துவிட்டு லேத்தில் ஏற்றுங்கள். உளி மூலைகளில் மோதி அடிக்கும் அடிதான் ஒட்டுக்கு மிகப் பெரிய சோதனை. அதை முதலே குறைத்துவிடலாம். நிமிடத்துக்கு 800 சுற்றில் தொடங்குங்கள். சுவிட்சைப் போடும்போது கட்டைக்கு நேரே நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். ஒரு நிமிடம் சும்மா சுழல விட்டு, நிறுத்தி, ஒட்டுக் கோடுகளைப் பாருங்கள். உருண்டையான பிறகு 1500 வரை ஏற்றலாம்.

உருளையானதும் இரண்டு முனையிலும் சக் பிடிப்பதற்கான பிடியை வெட்டுங்கள். நீளம் 6 மி.மீ., விட்டம் உங்கள் சக்கின் தாடைக்கு ஏற்றபடி. பிடியும் உடம்பும் சேரும் மூலை செங்கோணமாக இருக்க வேண்டும். தாடையின் முகம் அந்தத் தோளில் உட்கார்ந்துதான் கட்டை ஆடாமல் நிற்கும். மூலையில் சீவல் மிச்சம் இருந்தாலும் ஆடும்.

6. மூடியைப் பிரித்தல்

பிரிக்குமுன் மூடிப் பக்கத்தில் ஒன்று, அடிப்பக்கத்தில் ஒன்று என்று கருப்புப் பட்டைக்கு நேரே பென்சிலால் அடையாளம் போடுங்கள். வரிகள் இரண்டு பக்கமும் இருப்பதால், திருப்பிப் போட்டாலும் பொருந்துவதுபோலத் தெரியும். ஆனால் நாரோட்டம் பொருந்தாது.

மூடிக்கு மொத்த உயரத்தில் மூன்றிலொன்றுக்குச் சற்று அதிகம் விடுங்கள். 80க்கு 30 என்றால் கண்ணுக்கு அமைவாக இருக்கும். சரிபாதி விட்டால் மூடி தலைக்கனமாகத் தெரியும்.

கட்டையைச் சக்கில் பிடித்து, பின்தலையால் தாங்கி, பார்ட்டிங் உளியால் வெட்டுங்கள். உளி ஒரே தடத்தில் போனால் சூடாகி மாட்டும். இடையிடையே தடத்தைச் சற்று அகலப்படுத்துங்கள். கடைசி 10 மி.மீ. வரும்போது லேத்தை நிறுத்தி வாளால் அறுத்துவிடுங்கள்.

நேர்வரிகளை முதல் சிமிழுக்குச் சொன்னதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. பிரிப்பதிலும் கழுத்திலும் பத்து மி.மீ.க்கு மேல் மரம் போகிறது. வரி நேராக நீளவாக்கில் ஓடினால் எவ்வளவு போனாலும் மூடியின் வரியும் அடியின் வரியும் தொடரும். சரிவான வரி என்றால் போன அளவுக்கு வரி விலகி, மூடியை வைத்ததும் உடைந்ததுபோலத் தெரியும்.

7. முதலில் மூடியைக் குடையுங்கள்

அடியை முதலில் குடைய வேண்டும் என்றுதான் கை போகும். வேண்டாம். வெளியே இருக்கும் கழுத்தை அரை மயிரளவுக்கும் குறைக்கலாம், எத்தனை முறையும் அளக்கலாம். குழிக்குள் அப்படிச் செய்வது கடினம். கடினமானதை முதலில் முடித்து, எளிதானதை அதற்கேற்றபடி சரிசெய்ய வேண்டும்.

மூடியைச் சக்கில் பிடித்து, குழியுளியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிக் குடையுங்கள். நார் நம்மைப் பார்த்து நிற்பதால் இந்தத் திசையில்தான் ஒவ்வொரு நாருக்கும் பின்னால் தாங்கல் இருக்கும். எதிர்த்திசையில் வந்தால் நார் கிழியும்.

கழுத்து உட்காரும் முதல் 8 மி.மீ. ஆழம் முழுவதும் ஒரே விட்டமாக இருக்க வேண்டும். வாயிலும் உள்ளேயும் இடுக்கிமானியால் அளந்து பாருங்கள். வாய் அகன்று உள்ளே ஒடுங்கினால் மூடி மேலேறித் துள்ளும். வாய் ஒடுங்கினால் ஒருபோதும் இறுகாது. சதுர முனைச் சுரண்டுளியை லேத்தின் படுக்கைக்கு (நீளமான அடிச்சட்டத்துக்கு) சமாந்தரமாக ஒரு தடவை உள்ளே தள்ளினால் நேராகும். மூடியின் உட்புறத்தை இப்போதே அரத்தாள் போட்டு முடித்துவிடுங்கள், ஆனால் இந்த 8 மி.மீ. சுவரில் அரத்தாள் படக் கூடாது. மென்மையான மரம் கூடுதலாகத் தேயும், வட்டம் கெடும்.

8. அடியைக் குடைதல்

முதலில் ஆழத்தைத் தீர்மானித்து நடுவில் ஒரு துளை போடுங்கள். ட்ரில் முனையில் நாடா ஒட்டி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடித்தட்டு 7 மி.மீ. இருக்க வேண்டும். அந்த 7ஐ அளக்கும்போது சக்குக்குள் இருக்கும் பிடியைச் சேர்க்கக் கூடாது. பிடி கடைசியில் போய்விடும். இதை மறந்து முழு நாள் வேலையில் ஓட்டை விழ விட்டவன் நான், அதனால் துளை போடுமுன் இரண்டு முறை அளக்கிறேன்.

சுவரை இப்போது 9 மி.மீ. தடிப்போடு விட்டுவிடுங்கள். மூடியையும் அடியையும் கழற்றி, காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று கிழமை வையுங்கள். கட்டையின் உள்ளே இருந்த மரம் இப்போதுதான் முதல்முறை காற்றைக் காண்கிறது. அது கொஞ்சம் அசையும். அசைந்து முடிந்த பிறகு பொருத்தினால்தான் பொருத்தம் நிற்கும். அன்றே முடித்த சிமிழின் மூடி மாரி தொடங்கியதும் இறுகிப்போய், திறக்க ஆள் தேட வேண்டிவரும்.

9. கழுத்தும் பொருத்தமும்

திரும்பச் சக்கில் ஏற்றி, உட்சுவரை 6 மி.மீ. தடிப்புக்குக் கொண்டுவந்து, உட்புறத்தை முடித்துவிடுங்கள். பிறகு கழுத்தைத் தொடங்குங்கள்.

மூடியின் உள்விட்டத்தை அளந்து, கழுத்தை அதைவிட 1 மி.மீ. பெரிதாக வெட்டுங்கள். பிறகு கழுத்தின் நுனியில் மட்டும் மிக மெல்லிய சரிவு கொடுங்கள். மூடி நுனியில் ஏறத் தொடங்கும் இடம் வந்ததும், லேத்தை நிறுத்தி மூடியை வைத்துக் கையால் ஒரு திருகு திருகுங்கள். கழுத்தில் பளபளவென்று ஒரு மெல்லிய வளையம் விழும். அதுதான் உண்மையான விட்டம். இடுக்கிமானி சொல்வதைவிட இந்த வளையத்தையே நான் நம்புகிறேன். கழுத்து முழுவதையும் அந்த வளையத்தின் அளவுக்கு நேராக வெட்டுங்கள். மெதுவாக, மெதுவாக.

மூடி உங்கள் கைப்பலத்தோடு இறுக்கமாக ஏற வேண்டும். தளர்வாக ஏறும் அளவுக்கு இப்போது போகக் கூடாது. அடுத்த கட்டத்தில் மூடியை அடியின் மேல் வைத்தே கடையப்போகிறோம், அந்த இறுக்கம்தான் மூடியைப் பிடிக்கும். புதியவர்கள் இந்த இடத்தில்தான் பொறுமையை விடுகிறார்கள். ஒரு தடவை கூட வெட்டிவிட்டால், கழுத்தை முழுதாக எடுத்துவிட்டுப் புதிதாக வெட்டுவது தவிர வழியில்லை. சிமிழின் உயரம் 8 மி.மீ. குறையும்.

10. வெளிப்புறம்

பென்சில் அடையாளத்தைச் சேர்த்து மூடியைப் பொருத்தி, பின்தலை முனையால் மெதுவாகத் தாங்கிக்கொண்டு, மூடியையும் அடியையும் ஒரே பொருளாகக் கடையுங்கள். சேரும் இடத்தில் மெல்லிய ஒரு பள்ளக்கோடு கீறுங்கள். மரம் நாளைக்கு ஒரு துளி அசைந்தாலும் அந்தக் கோடு அதை மறைக்கும். முடிவில் பின்தலையை விலக்கி, மூடியின் உச்சியில் இருக்கும் பிடியை இலேசான வெட்டுகளால் எடுங்கள்.

அரத்தாள் 120, 180, 240, 320, 400 என்று வரிசையாகப் போக வேண்டும். இருநிற மரத்தில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. பூவரசின் கருந்தூசு முதிரையின் நுண்துளைகளில் இறங்கி வெளிர்ப்பக்கத்தை அழுக்காக்கும். ஈர அரத்தாள் போட்டால் இன்னும் மோசம். முதலில் அரக்கை (ஷெலாக் மெருகு) மெல்லியதாக ஒரு பூச்சுப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் அரத்தாள் போடுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் இடையில் தூரிகையால் தட்டித் தூசை எடுங்கள். உளியைத் தீட்டிக் கடைசி வெட்டைச் சுத்தமாக எடுத்தால் 180இலேயே தொடங்கலாம்.

11. மெருகு

வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் பூசுவார்கள். அது மரத்தில் காயாது. நல்லெண்ணெயும் அப்படித்தான். ஒட்டிக்கொண்டே இருக்கும், தூசு பிடிக்கும், சிக்கு மணக்கும். வெளிப்புறத்துக்கு அரக்கு இரண்டு மூன்று பூச்சு, அதன்மேல் தேன்மெழுகு. இது போதும்.

ஆளிவிதை எண்ணெய் பூச விரும்பினால் வெளியே மட்டும் பூசுங்கள். மூடிய சிமிழுக்குள் அதன் மணம் மாதக்கணக்கில் நிற்கும், குங்குமத்திலும் ஏறும். பூசிய துணியைக் கசக்கி ஒரு மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து வையுங்கள்.

12. மூடியைத் தளர்த்துவதும் அடியை முடிப்பதும்

மெருகு ஏறிய பிறகுதான் மூடியின் இறுக்கத்தைக் குறைக்க வேண்டும். லேத்தைச் சுழலவிட்டு, 400 அரத்தாளைக் கழுத்தில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். நிறுத்தி, சூடு ஆறவிட்டு, மூடியைப் போட்டுப் பாருங்கள். சூடான மரத்தில் பார்த்த பொருத்தம் பொய் சொல்லும். குங்குமச் சிமிழென்றால் ஒரு கையால் திறக்க வர வேண்டும், மறுகையில் தட்டு இருக்கும். நகையோ நாணயமோ வைப்பதென்றால் இன்னும் இறுக்கமாக விடலாம்.

மூடி வரிகள் சேரும் நிலையில் இலகுவாகவும், கால்வட்டம் திருப்பினால் இறுக்கமாகவும் இருந்தால் பயப்பட வேண்டாம். மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்காது, வட்டம் சற்று நீள்வட்டமாகும். வரிகள் சேர்ந்திருக்கும்போது மூடியும் அடியும் ஒரே பக்கமாக நீள்கின்றன. சிமிழை வாங்கிப்போகிறவர்களுக்கும் வரியைச் சேர்த்து மூடும்படி சொல்லிக் கொடுங்கள்.

கடைசி வேலை அடி. வீணான ஒரு கட்டையைச் சக்கில் பிடித்து, சிமிழின் வாய்க்குள் இறுக்கமாகப் போகும் குமிழ் ஒன்றைக் கடையுங்கள். மூடியில்லாத சிமிழை அதன்மேல் கவிழ்த்து ஏற்றி, பின்தலையால் தாங்கி, அடியின் பிடியை எடுத்து, நடுவைச் சற்றுக் குழிவாக்குங்கள். குழிவாக இருந்தால் சிமிழ் விளிம்பில் நிற்கும், மேசையில் ஆடாது. கடைசியாக நடுவில் மிஞ்சும் சிறு முளையை, லேத்தை நிறுத்திக் கையுளியால் சீவி, அரத்தாள் போட்டு, அரக்குப் பூசுங்கள்.

முதல் சிமிழை யாருக்கும் கொடுக்காமல் ஒரு மாரியும் ஒரு கோடையும் உங்கள் வீட்டிலேயே வைத்திருங்கள். மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து, ஒட்டுக் கோட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் அடுத்த கட்டைக்கு மரத்தை இன்னும் நீண்ட நாள் காய வையுங்கள். தட்டாவிட்டால் இரண்டாவது கட்டையில் பட்டைக்குக் குறுக்கே அறுத்து இன்னொரு பட்டை வைத்து ஒட்டலாம். மூடியின் மேல் சிலுவைக் கோடும் பக்கங்களில் நாலு வரியும் வரும்.